வளரும் கற்கள்: நானிங் நெடுங்கற்களின் காலத்தைத் தேடி

மலாக்கா மாநிலத்தின் அலோர் காஜாவிலிருந்து தம்பின் வரையுள்ள நானிங் வட்டாரத்தில், ரப்பர் போய்ச் செம்பனை வந்த மண்ணில், கம்பத்து வீடுகளின் ஓரத்திலும் பழைய இடுகாடுகளிலும் நட்டுவைத்த கற்கள் நிற்கின்றன. பல இடங்களில் அவை இரட்டையாக இருக்கும்; ஒன்று நெட்டை, மற்றது குட்டை. மலாய்க்காரர்கள் இவற்றை 'பத்து ஹிடூப்' என்கிறார்கள். உயிருள்ள கல் என்று பொருள். கல் ஆண்டுக்கு ஆண்டு வளர்கிறது என்பது அவர்களிடையே வழிவழியாக வந்த நம்பிக்கை.

தொல்லியலார் இவற்றுக்கு இட்ட பெயரைத் தமிழில் 'பெருங்கல்' என்று எழுதுகிறோம். சிக்கல் அந்தச் சொல்லிலிருந்தே தொடங்குகிறது. தமிழ்நாட்டுத் தொல்லியலில் பெருங்கல் என்பது ஒரு காலத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது. அதைக் கேட்டவுடன் ஆதிச்சநல்லூர்த் தாழிகளும் கொடுமணல் கல்வட்டங்களும் நினைவுக்கு வருகின்றன. இரும்புக்காலம் என்று மனம் கணக்குப் போட்டுவிடுகிறது. அந்தக் கணக்கோடு நானிங் கற்களைப் பார்ப்பவர் இரண்டு தவறுகளைச் செய்கிறார். ஒன்று, கற்களுக்கு இல்லாத வயதை ஏற்றுகிறார். மற்றொன்று, நட்டவர்கள் நம் முன்னோர் என்று சான்றில்லாமல் சொல்லிவிடுகிறார். உருவ ஒற்றுமை உறவுக்குச் சான்றாகாது. நெட்டைக் கல்லை நிமிர்த்தி நடும் வழக்கம் பிரான்சின் கார்னாக்கிலும் உண்டு, அசாம் எல்லையிலுள்ள காசி மலையிலும் உண்டு.

காலத்தைப் பற்றி உறுதியாகப் பேச உதவும் இடம் ஒன்று அருகிலேயே இருக்கிறது. லிங்கி ஆற்றைத் தாண்டினால் நெகிரி செம்பிலான் பக்கத்தில் பெங்காலான் கெம்பாஸ். அங்கே அகமது மஜானு என்பவரின் கல்லறையை ஒட்டி மூன்று நெடுங்கற்கள் நிற்கின்றன. ஊரார் அவற்றை வாள், சுக்கான், கரண்டி என்று அழைக்கிறார்கள். வாள் எனப்படும் கல்லில் 'அல்லாஹ்' என்ற சொல் செதுக்கப்பட்டுள்ளது. கல்லறையின் நான்முகக் கல்வெட்டு அரபு வழி வந்த ஜாவி எழுத்திலும் காவி எழுத்திலும் பொறிக்கப்பட்டது. ஜாவிப் பகுதி தரும் ஹிஜ்ரி 872, கி.பி. 1467க்கு ஒப்பானது; மலாக்காவில் சுல்தான் மன்சூர் ஷா ஆண்ட காலம். காவியோ பல்லவர் எழுத்தின் வழியில் சாவகத்தில் வளர்ந்தது. தென்னாட்டிலிருந்து வந்த எழுத்தும் அரபு எழுத்தும் ஒரே கல்லில் அடுத்தடுத்து நிற்பதை நான் இந்தக் கற்களின் உண்மையான பெருமையாகக் கருதுகிறேன். இங்கே இரும்புக்காலத்தைத் தேட வேண்டியதில்லை. நெடுங்கல் நடும் வழக்கமும் இஸ்லாமியக் கல்லறை வழக்கமும் சந்தித்த 15ஆம் நூற்றாண்டு கண்முன் இருக்கிறது.

நெடுங்கற்கள் எல்லாமே அந்த நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று சொல்லவில்லை. ஆனால் நானிங்கில் குடியேறிய மினாங்கபாவ் மக்களின் தாயகமான மேற்குச் சுமத்ராவில், மாஹாட் பள்ளத்தாக்கில், இத்தகைய கற்கள் ஏராளம். முந்தைய நெடுங்கல் மரபு அங்கே இஸ்லாமிய மீசான் கற்களுக்குள் தொடர்ந்தது என்று தொல்லியலாளர் ஜான் மிக்சிக் வாதிட்டிருக்கிறார். மலாக்காக் கற்களைப் புரிந்துகொள்ள முதலில் போகவேண்டிய ஊர் தாமிரபரணிக் கரையில் இல்லை, அங்கேதான் இருக்கிறது.

ஆய்வு வரலாற்றில் தமிழகத்துக்கு வேறொரு வகையில் தொடர்புண்டு. 1831–32இல், பத்தில் ஒரு பங்கு வரி கேட்ட கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்து நானிங்கின் தலைவர் டோல் சைட் போரிட்டார். அவரை அடக்க வந்த படைகளில் சென்னை மாகாணச் சிப்பாய்களும் இருந்தார்கள். சென்னைப் படையைச் சேர்ந்த நியூபோல்ட் 1832இல் மலாக்காவுக்கு வந்து, பின்னர் இந்நிலப்பகுதியைப் பற்றி 1839இல் இரு தொகுதி நூல் வெளியிட்டார். அவரே இந்தியா திரும்பியபின் பாண்டுவரம் தேவல் என்ற இடத்துப் பழங்கல்லறைகளைப் பற்றியும் எழுதினார். இரு நிலங்களையும் தெரிந்த அவர் வழியே ஒப்பாய்வு ஒன்று அப்போதே முளைத்திருக்கலாம். முறையான பதிவோ நெடுங்காலம் கழித்துத்தான் வந்தது. பெங்காலான் கெம்பாஸ் அகழ்வைப் பற்றி ஐ. எச். என். எவன்ஸ் 1921இல் எழுதினார். மலாக்காக் கற்களைப் பற்றிய ஷெப்பர்டின் கட்டுரை 1936இல் வந்தது. பிற்காலத்தில் முபின் ஷெப்பர்ட் என்று அறியப்பட்டவர் இவர். தம்பின் அருகே கம்போங் ஈப்போவில் நடந்த அகழ்வின் குறிப்பை அடி ஹாஜி தாஹாவும் அப்துல் ஜலீல் ஒஸ்மானும் 1982இல் வெளியிட்டனர்.

ஷெப்பர்ட் எழுதியபோது இந்த மாநிலத்தில் தமிழர் பால்மரத் தோட்டங்களில் வேரூன்றியிருந்தார்கள். 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை நட்டுத் தொடங்கிய தொழில், பின்னர் புக்கிட் அசகானுக்கும் பரவியது. தோட்டத்துக்கு வந்தவர்களும் கல் நட்டார்கள். லயத்துக்கு அப்பால், மரத்தடியில், ஒரு கல்லை நிறுத்தி மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தால் அது முனீஸ்வரன். காட்டை வெட்டப் போகுமுன் அங்கே ஒரு தேங்காய் உடைபடும். புறநானூறு சொல்லும் நடுகல்லுக்கும் இந்தக் கல்லுக்கும் உள்ள உறவு ஆராயத்தக்கது. 2006இல் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்தபின் அந்த மரபின் தொன்மையும் தெளிவாகிவிட்டது. மலாக்காவில் நமக்கு உரிமையுள்ள கற்கள் இந்த முனீஸ்வரன் கற்கள்தான். இவற்றின் வயது நூறு, நூற்றிருபது ஆண்டாகத்தான் இருக்கும். அதனால் மதிப்புக் குறையாது.

தோட்டங்கள் துண்டாடப்படும்போது கம்பனிக் கணக்கில் மரம் உண்டு, நிலம் உண்டு. மரத்தடிக் கல்லுக்குப் பத்தி இல்லை. பத்து ஹிடூப்புக்கு ஒரு ஷெப்பர்ட் கிடைத்தார். முனீஸ்வரன் கல் எந்தத் திசை பார்த்து நின்றது, எந்த ஆண்டு எந்தக் கங்காணியின் காலத்தில் நட்டது, எந்த ஊர்ப் பிடிமண்ணை அதன் அடியில் இட்டார்கள் என்பதெல்லாம் லயத்தில் பிறந்து இன்று எண்பதைத் தாண்டிய பாட்டிமார்களின் நினைவில் இருக்கின்றன. அவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்டு எழுதவேண்டிய வேலை காத்திருக்கிறது.