கிடுகுவேலி

யாழ்ப்பாணத்தில் முடைந்த தென்னோலைக்குக் கிடுகு என்று பெயர். தமிழ்நாட்டில் அது கீற்று. பட்டினப்பாலையிலோ கிடுகு என்பது கேடகம். மறைத்தல் இரண்டுக்கும் பொது. வளவைச் சுற்றிக் கதியால் எனும் வேலித்தடிகளை நட்டு, கிடுகை வரிந்து கட்டினால் வேலி. தெருவால் போகிறவர் கண்ணுக்கு உள்வீடு தெரியாது. ஆனால் அயல்வீட்டார் வந்துபோக வேலியிலே பொட்டு எனும் ஒரு சிறு திறப்பு இருக்கும். கறிக்கு உப்புக் கேட்பதும் ஊர்க்கதை பேசுவதும் அந்த வழியால்தான். கட்டுப்பாடும் ஒளிப்பும் நிறைந்த யாழ்ப்பாண வாழ்முறைக்கே ‘கிடுகுவேலிப் பண்பாடு’ என்ற பெயர் இப்படித்தான் பொருந்திற்று. ஈழத்து எழுத்தாளர் செங்கை ஆழியானின் நாவல் ஒன்றுக்கும் ‘கிடுகு வேலி’ என்பதே தலைப்பு. பிறமொழியில் கிடுகுவேலியை வெறும் வேலி என்று பெயர்த்தால் எல்லை மட்டுமே மிஞ்சும், மறைப்புப் போய்விடும். பழமைவாதத்துக்கு மாற்றுச்சொல்லாகத் தமிழிலேயே சிலர் இச்சொல்லை எழுதுகிறார்கள். பொட்டை மறந்த அந்தப் பொருள் அரைகுறையானது.