மூத்தவள் வாழ்ந்த வீடு: 'கோஹ்ரா' (1964)



"பழைய இந்தி மர்மப் படமெல்லாம் இங்கிலீஷ் காப்பிதானே சார்?" என்று பத்தாம் வகுப்பு நண்பர்கள் குழுவில் ஒருவன் கேட்டிருந்தான். 'கோஹ்ரா'வை வைத்தே பதில் சொல்கிறேன். கோஹ்ரா என்றால் மூடுபனி. பீரேன் நாக் இயக்கிய கறுப்பு வெள்ளைப் படம். தயாரிப்பும் இசையும் ஹேமந்த் குமார்.

மூலக்கதை, டாஃப்னி டு மோரியர் 1938-இல் எழுதிய 'ரெபெக்கா'. ஹிட்ச்காக் 1940-இல் அதைப் படமாக்கினார். சிறந்த படத்துக்கான ஆஸ்கர் கிடைத்தது. பெரிய மாளிகைக்கு இரண்டாம் தாரமாக வருகிறாள் ஓர் ஏழைப் பெண். செத்துப்போன மூத்தவள்தான் அங்கே இன்னமும் எஜமானி.

காப்பிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் எதை மாற்றினார்கள் என்று பாருங்கள். ஆங்கிலத்தில் அந்த இரண்டாம் மனைவிக்கு, நாவலிலும் சரி படத்திலும் சரி, சொந்தப் பெயரே கிடையாது. இந்தியில் அவள் ராஜேஸ்வரி. அங்கே மிஸஸ் டான்வர்ஸ் என்ற வீட்டு நிர்வாகி, இங்கே 'தாயி மா'. நம் இலக்கியம் சொல்லும் செவிலித்தாய். நடித்தவர் லலிதா பவார். அந்தப் பார்வையே போதும். சம்பளக்காரி மிரட்டினால் வேலையை விட்டு நிறுத்தலாம். தாய் என்று வீடே அழைக்கிறவள் மிரட்டினால் யாரிடம் போய்ச் சொல்வது?

எங்கள் பெரியம்மாவும் இரண்டாம் தாரமாக வந்தவர்தான். மூத்தவர் படத்துக்குப் பூ வைத்த பிறகே அடுப்பு பற்றவைப்பார். குழம்பில் உப்பு கூடினால், மாமியார் அந்தப் படத்தைப் பார்த்து, "அவ கைப்பக்குவம் வருமா?" என்பாராம். தாயி மாவைப் பார்த்தபோது எனக்கு இங்கிலாந்து ஞாபகம் வரவில்லை.

ராஜேஸ்வரியாக நடித்த வஹீதா ரஹ்மான் செங்கல்பட்டில் பிறந்தவர். அதுவும் 1938, நாவல் வந்த அதே வருஷம்! 1955-இல் 'ரோஜுலு மாராயி' என்ற தெலுங்குப் படத்தில் 'ஏருவாக' பாட்டுக்கு ஆடினார். அதன் வெற்றி நாட்களில் ஹைதராபாத்தில் அவரைச் சந்தித்த குரு தத், பம்பாய்க்கு அழைத்துக்கொண்டார். அப்போது நம் திருத்தணிப் பகுதியும் ஆந்திராவில்தான் இருந்தது. 1960 ஏப்ரல் 1-இல்தான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தோம்.

காப்பி என்று கேட்ட தம்பிக்கு இன்னொன்று. அதே 'ஏருவாக' மெட்டை எஸ்.டி. பர்மன் 1960-இல் 'பம்பாய் கா பாபு' என்ற இந்திப் படத்தில் பயன்படுத்தினார். கேட்டுப் பாருங்கள், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவீர்கள்.