ஒரே அகலம் போதுமா? இருப்புப்பாதை வரலாறும் மின்சாரக் காரும்



அண்மைக் காலமாகக் கிள்ளான் வட்டாரத்தில் மின்சாரக் கார்கள் பெருகி வருகின்றன. பள்ளிக்கு வரும் பெற்றோர் சிலர் என்னிடமும் இதுபற்றிப் பேசுவதுண்டு. "ஒரு நிறுவனம் அமைத்த மின்னேற்ற நிலையத்தில் மற்ற நிறுவனத்தின் காருக்கும் மின்னேற்ற முடியுமா?" என்பதே அவர்களின் முதற் கேள்வியாக இருக்கிறது. நான் தொழில்நுட்பம் படித்தவன் அல்லன், வரலாறு போதிப்பவன். ஆயினும், இக்கேள்விக்கான விடை நம் ஊர் இருப்புப்பாதையின் வரலாற்றிலேயே கிடக்கிறது என்பது என் கருத்து.

துண்டு துண்டான பாதைகள்

மலாயாவின் முதல் இருப்புப்பாதை 1885-ஆம் ஆண்டு சூன் முதல் நாள் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை அடுத்த புக்கிட் கூடா வரையிலான பாதை திறக்கப்பட்டது. 1891-இல் சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்துச் சுங்கை ஊஜோங் பாதை அமைந்தது. முதலிரண்டும் அரசு அமைத்தவை; மூன்றாவது ஒரு தனியார் நிறுவனத்துக்குரியது.

இவை ஒன்றோடொன்று தொடர்பில்லாத பாதைகள். உள்நாட்டிலிருந்து ஈயத்தைக் கடற்கரைக்குக் கொண்டுசெல்வதே ஒவ்வொன்றின் நோக்கம். ஆனாலும், இவை மூன்றும் ஒரே அகலத்தில், அதாவது ஒரு மீட்டர் அகலத்தில் அமைந்தன. நம் முன்னோர் பலர் வெயிலிலும் மழையிலும் உழைத்துப் பேணிய பாதைகள் இவை. பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் தமிழர் குடியிருப்புகள் வளர்ந்ததற்கும் இருப்புப்பாதைப் பணியே முக்கியக் காரணம்.

அகலம் வேறுபட்டால் என்ன ஆகும்?

இங்கிலாந்தில் ஒரு நிறுவனம் ஏழடிக்குச் சற்றே கூடுதலான அகலத்தில் பாதை அமைத்தது. மற்றவை ஐந்தடிக்கும் குறைவான அகலத்தில் அமைத்தன. இரண்டும் சந்தித்த குளோஸ்டர் நகரில் சரக்குகளையெல்லாம் ஒரு வண்டியிலிருந்து இறக்கி மற்றொரு வண்டியில் ஏற்ற வேண்டியிருந்தது. இந்தக் குழப்பத்தைத் தடுக்க 1846-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. எனினும், அகலப்பாதை முற்றாக மறைய 1892 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

தமிழ்நாட்டிலும் இதே நிலைதான் இருந்தது. சென்னை சென்ட்ரலில் அகலப்பாதையும், எழும்பூரில் மீட்டர் பாதையும் இருந்தன. இந்திய அரசு 1992-இல் ஒரே அகலத் திட்டத்தைத் தொடங்கிப் பெரும் பொருட்செலவில் பாதைகளை மாற்றியமைத்தது.

மலாயாவுக்கு அந்தச் செலவு நேரவில்லை. இடைவெளிகளில் புதிய பாதை போட்டாலே போதுமானதாயிற்று. 1903-இல் சிரம்பான் முதல் பிறை வரையிலும், 1909-இல் சொகூர் பாரு வரையிலும் இணைப்பு முழுமை பெற்றது.

அகலம் மட்டும் போதவில்லை

இங்கே நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பாதையின் அகலம் ஒத்திருந்தது. ஆனால் நிருவாகம் வெவ்வேறாக இருந்தது. 1901-இல் மலாய்க் கூட்டு மாநிலங்களின் இரயில்வே என்னும் ஒரே அமைப்பு உருவான பிறகே அரசுப் பாதைகள் ஒரு குடையின்கீழ் வந்தன. தனியாருக்குரிய சுங்கை ஊஜோங் பாதையை 1908-இல் விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. வடிவம் பொருந்துவது ஒன்று. பயன்படுத்த இசைவு கிடைப்பது வேறொன்று!

இன்றைய மின்னேற்றிகள்

மின்சாரக் கார்களிலும் இவ்விரண்டு படிகளைக் காண்கிறோம். சப்பானியர் ஒருவகைச் செருகியையும், ஐரோப்பியர் வேறொரு வகையையும், சீனர் மற்றொரு வகையையும் உருவாக்கினர். அமெரிக்காவின் டெஸ்லா நிறுவனம் 2012-இல் தன் கார்களுக்கு மட்டுமே பயன்படும் விரைவு மின்னேற்ற நிலையங்களை அமைக்கத் தொடங்கியது. பின்னர் 2021 நவம்பரில் நெதர்லாந்தில் பத்து நிலையங்களை மற்ற நிறுவனங்களின் கார்களுக்கும் சோதனை முறையில் திறந்துவிட்டது. 2023-இல் போர்டு, செனரல் மோட்டார்ஸ் ஆகிய போட்டி நிறுவனங்களே அமெரிக்காவில் டெஸ்லாவின் செருகியை ஏற்றுக்கொண்டன.

மலேசியாவில் விரைவு மின்னேற்றத்துக்கு ஐரோப்பியச் செருகியே பெருவழக்காகிவிட்டது. இங்கு விற்கப்படும் டெஸ்லா கார்களும் அதையே கொண்டுள்ளன. ஆகவே 'அகலம்' ஒத்துவிட்டது. ஆயினும் செருகி பொருந்தினாலும், நிலையத்தின் கணினி இசையாவிட்டால் மின்சாரம் பாயாது. நிறுவனத்துக்கு ஒன்றாகக் கைப்பேசிச் செயலிகளும் பெருகின.

2023-இல் டெஸ்லா இங்கு நேரடியாகக் கார்களை இறக்குமதி செய்து விற்க இசைவளித்தபோது, முதலீடு, வாணிபம், தொழில்துறை அமைச்சு ஒரு நிபந்தனை விதித்தது. மூன்றாண்டுகளில் குறைந்தது 50 விரைவு மின்னேற்றிகளை அமைக்க வேண்டும். அவற்றில் குறைந்தது 30 விழுக்காடு மற்ற கார்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்பதே அது. சுங்கை ஊஜோங் பாதையைப் பின்னாளில் விலை கொடுத்து வாங்கிய வரலாற்றோடு ஒப்பிட்டால், வாசலிலேயே நிபந்தனை விதித்தது அறிவுடைமை என்பேன். ஆனால் 30 விழுக்காடு என்பது 50-இல் வெறும் 15 மட்டுமே. இது தொடக்கமாக இருக்கலாம், முடிவாகிவிடக் கூடாது.

இது யாருக்கான கவலை?

தரைவீடு உள்ளவர் இரவில் தம் வீட்டிலேயே மின்னேற்றிக் கொள்வார். அடுக்குமாடி வீடுகளில் வாழும் நம் மக்கள் பலருக்கு அந்த வசதி இல்லை. அவர்கள் பொது நிலையங்களையே நம்பியாக வேண்டும். பூட்டிய நிலையங்கள் நிறைந்த ஊரில் மின்சாரக் கார் வசதி படைத்தோரின் உடைமையாகவே நின்றுவிடும். நாட்டில் 2025-க்குள் 10,000 மின்னேற்றிகள் என்ற இலக்கும் எட்டப்படாத நிலையில், இருப்பவற்றைப் பகிர்ந்துகொள்வது இன்னும் இன்றியமையாததாகிறது.

மின்சாரக் கார் வாங்க எண்ணும் பெற்றோர்களே, விலையைக் கேட்குமுன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இந்தக் காரின் செருகி எவ்வகை? என் வீட்டருகே உள்ள நிலையம் இந்தக் காருக்குத் திறந்திருக்கிறதா? ஆசிரிய நண்பர்களே, இருப்புப்பாதை வரலாற்றைப் போதிக்கும்போது ஆண்டுகளை மனனம் செய்ய வைப்பதோடு நின்றுவிடாமல், 'தைப்பிங் பாதையும் கிள்ளான் பாதையும் வேறு வேறு அகலத்தில் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்?' என்று மாணவரிடம் கேட்டுப் பாருங்கள். அவர்கள் தரும் விடைகளைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். அறிய ஆவலாக உள்ளேன்.