கணக்கு எழுத மறுத்தவர்கள்: 1429ஆம் ஆண்டுக் கலகமும் சந்திரகிரி அரசும்

ஐரோப்பா யுனிவர்சாலிஸ் 4 என்னும் கணினி விளையாட்டு 1444 நவம்பர் 11ஆம் நாள் தொடங்குகிறது. விஜயநகரத்தைத் தேர்ந்துகொள்பவர் கையில் துங்கபத்திரை முதல் தெற்கே வெகுதூரம் நீளும் ஒரு பேரரசு முதல் நாளே வந்துவிடும். தொல்லையும் கூடவே வரும். மாகாணத்துக்கு மாகாணம் ‘அமைதியின்மை’ என்றொரு எண் நிற்கிறது. அது ஏறினால் கலகத்துக்கான அளவுகோல் மெல்ல நிரம்பும். நூறைத் தொட்டதும் வயலிலிருந்து ஒரு படை எழும். படையை அனுப்பி அடக்கினால் சில ஆண்டு ஓய்வு, பிறகு மறுபடியும் அதே கதை. கடுமையாக ஒடுக்கலாம், அதற்கு இராணுவப் புள்ளிகள் செலவாகும். தன்னாட்சியைக் கூட்டிக் கொடுக்கலாம், வரி வருமானம் இறங்கும். கோரிக்கையை ஏற்றுக்கொள்ளவும் செய்யலாம். எதைச் செய்தாலும் எரிச்சல் தீர்வதில்லை. எழுந்தவர்கள் யார், ஏன் இந்த ஊரில், ஏன் இந்த ஆண்டில் என்ற கேள்விகளுக்குத் திரையில் பதில் இல்லை.

இந்த எரிச்சலுக்கு முப்பது ஆண்டுக்கும் மேலான வரலாறு உண்டு. 1991இல் வந்த சிட் மேயரின் சிவிலைசேஷனில் மகிழ்ச்சியற்ற குடிகள் மகிழ்ந்தவர்களை விஞ்சினால் நகரம் குழப்பத்தில் விழும், உற்பத்தி நிற்கும். மருந்துகளும் எளியவை: கோயில் கட்டுவது, ஆடம்பரத்துக்குப் பணம் ஒதுக்குவது, உழைப்பவர் சிலரைக் கேளிக்கையாளர் ஆக்குவது. 2004இல் ரோம்: டோட்டல் வார் வந்தபோது மக்கள்தொகை பெருகப் பெருக நெரிசலும் அழுக்கும் கூடி, பெரிய நகரங்கள் ஓயாமல் கொதித்தன. ஆட்டக்காரர்கள் கண்ட வழி கொடூரமானது. காவற்படையை வேண்டுமென்றே விலக்கி நகரைக் கலகம் செய்ய விட்டு, மீண்டும் கைப்பற்றி, குடிகளை வெட்டிச் சாய்த்து எண்ணிக்கையைக் குறைத்தார்கள். ஐரோப்பா யுனிவர்சாலிஸின் முந்தைய வடிவங்களில் ‘கலக வாய்ப்பு’ என்ற விழுக்காடு இருந்தது. நிரம்பும் அளவுகோல் பின்னால் வந்தது. 2012இல் குருசேடர் கிங்ஸ் 2 சிற்றரசர்களை அணி சேர்த்து, கோரிக்கையோடு அரசன் முன் நிறுத்தியது. கலகத்துக்கு முகம் கிடைத்தது, ஆனால் அது பிரபுவின் முகம்.

மேலிருந்து பார்க்கும் இந்தப் பார்வை விளையாட்டு வடிவமைப்பாளர்களுக்கு மட்டும் உரியதன்று. தென்னிந்திய வரலாற்றெழுத்திலும் அது ஆழமாக ஊறியிருக்கிறது. அதைக் காட்ட, ஆட்டம் தொடங்குவதற்குச் சரியாகப் பதினைந்து ஆண்டு முன்பு வெட்டப்பட்ட ஒரு கல்லைச் சற்று நின்று படிக்க வேண்டும்.

விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயிலில் உள்ளது அந்தக் கல்வெட்டு. சக ஆண்டு 1351, சௌமிய வருடம், அதாவது கி.பி. 1429. ஆண்டவர் இரண்டாம் தேவராயர். கல்வெட்டில் பேசுபவர்கள், சாதிகள் அணிசேர்ந்த இரு பெரும் பிரிவுகளான வலங்கை தொண்ணூற்றெட்டும் இடங்கை தொண்ணூற்றெட்டும். அரசின் ஆட்களும், பணிக்கு ஈடாக நிலம் பெற்ற சீவிதக்காரரும் குடிகளை வருத்தினார்கள் என்கிறது கல். நிலமுடைய காணியாளரும் பிராமணரும் அவர்களோடு நின்று வரி வாங்கினார்கள் என்பது அடுத்த குற்றச்சாட்டு. பிறகு தீர்மானம் வருகிறது: இத்தகையோருக்கு வலங்கையும் இடங்கையும் புகலிடம் தரக்கூடாது, நாட்டில் பிறந்தவர் எவரும் அவர்களுக்காகக் கணக்கு எழுதக்கூடாது, அவர்கள் சொல்லுக்கு இசையக்கூடாது. மீறுபவர் நாட்டுத் துரோகி, குத்திக் கொல்லப்படுவார்.

கணக்கு எழுதக்கூடாது என்னும் விதியில்தான் இந்தத் தீர்மானத்தின் கூர்மை இருக்கிறது. படை திரட்டியதாகவோ கோட்டையைத் தாக்கியதாகவோ கல் சொல்லவில்லை. வயலை அளந்து, விளைவை மதித்து, பெயரை ஓலையில் ஏற்றும் கை இல்லாமல் எந்த அதிகாரியும் வரி தண்ட முடியாது. அந்தக் கை உள்ளூர்க்காரருடையது. அரசின் நரம்பு எங்கே ஓடுகிறது என்பதைத் தெளிவாக அறிந்தவர்கள்தாம் அதை அறுக்க முடிவெடுத்தார்கள்.

இதே ஆண்டைச் சேர்ந்த இன்னொரு கல், மயிலாடுதுறைப் பக்கத்துக் குறுக்கையில் இருக்கிறது. அங்கே குரல் வேறு. விளைச்சலுக்கு ஏற்ப வரி வாங்காமல் அநியாயமாகத் தண்டினார்கள், ஊரைவிட்டு ஓடும் நிலைக்கு வந்தோம், மண்டலம் முழுதும் ஒன்றுபடாததால்தான் இந்த அநீதி நேர்ந்தது என உணர்ந்தோம், இனி விளைவுக்குத் தக்க நியாயமான வரியை மட்டுமே கொடுப்போம் என்று அது பேசுகிறது. விருத்தாசலம் தண்டனையைச் சொல்கிறது. குறுக்கை காரணத்தைச் சொல்கிறது. கலகக்காரர் தாமே வரி விகிதங்களை முடிவுசெய்து கல்லில் ஏற்றிய சான்றுகளும் இந்தக் கல்வெட்டு வரிசையில் உண்டு. ஒரே ஆண்டில், ஆறுகள் தாண்டிய ஊர்களில், ஒத்த நோக்கமுடைய தீர்மானங்கள் எழுகின்றன என்றால், ஊருக்கு ஊர் ஆள் போயிருக்க வேண்டும், ஓலை போயிருக்க வேண்டும், கூட்டம் நடந்திருக்க வேண்டும். மாகாணத்துக்கு ஓர் எண் என்ற கணக்கில் இது அடங்காது.

இங்கேதான் வரலாற்றாசிரியர் பர்ட்டன் ஸ்டைனோடு மாறுபட வேண்டியிருக்கிறது. தென்னிந்திய இடைக்கால வரலாற்றில் அவர் அளவுக்கு விரிந்த சட்டகம் தந்தவர் குறைவு. அவர் ஆய்வு தொடங்கிய இடமே திருப்பதிதான். 1958இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் திருப்பதிக் கோயிலின் பொருளாதாரம் பற்றி ஆய்வேடு அளித்தார். 1960இல் இடைக்காலக் கோயிலின் பொருளாதாரப் பணி பற்றிய கட்டுரையை வெளியிட்டார். தேவஸ்தானம் 1930களில் தொகுதி தொகுதியாகப் பதிப்பித்த கல்வெட்டுகள், பெரும்பான்மையும் தமிழில் உள்ளவை, அவருக்கு ஆதாரம். பக்தர் பணம் தருகிறார். கோயில் அதைத் தன் ஊர்களில் கால்வாயும் ஏரியும் வெட்டப் போடுகிறது. கூடிய விளைச்சலிலிருந்து சுவாமிக்கு அமுதுபடி நடக்கிறது. பிரசாதத்தில் ஒரு பங்கு கொடையாளிக்குத் திரும்புகிறது. கோயில் என்பது செல்வம் குவிந்து தூங்கும் இடம் என்ற எண்ணத்தை அந்தக் கட்டுரை உடைத்தது. அந்த அளவில் அதன் பெருமை இன்றும் குறையவில்லை.

சிக்கல், அந்தப் பார்வை திருமலையிலிருந்து இறங்கிச் சமவெளி முழுவதையும் விளக்க முற்பட்டபோது தொடங்குகிறது. 1980இல் வந்த அவருடைய பெருநூல் இடைக்காலத் தென்னிந்தியாவைக் கூறுகளால் ஆன அரசாகக் கண்டது. நாடுகள் பெரும்பாலும் தம்மைத் தாமே ஆண்டன. மன்னனின் இறைமை சடங்கு சார்ந்தது. அடித்தளத்தில் பிராமணருக்கும் நிலமுடைய வேளாளருக்கும் இடையிலான கூட்டணி சமூகத்தைத் தாங்கி நின்றது. வலங்கை, இடங்கை என்ற பிரிவுகளும் அவருக்கு ஊர் எல்லையைத் தாண்டிப் பல குழுக்களை இணைக்கும் ஏற்பாடாகவே தெரிந்தன.

அவர் சொன்ன கூட்டணி கற்பனையன்று. விருத்தாசலக் கல்லே அதற்குச் சான்று. ஆனால் கல் அந்தக் கூட்டணியைக் கீழிருந்து பார்க்கிறது. ஸ்டைன் சமூகத்தின் தூண் என்று கண்டதை, 1429இல் பேசியவர்கள் தங்கள் கழுத்தின் மேல் இருந்த சுமை என்று கண்டார்கள். காணியாளரும் பிராமணரும் குற்றஞ்சாட்டப்பட்டவர்களாக நிற்கும் ஓர் ஆவணத்தை, இசைவை அச்சாகக் கொண்ட சட்டகத்துக்குள் எங்கே வைப்பது? எதிரெதிராகவே அறியப்பட்ட வலங்கையும் இடங்கையும் ஒரே கல்லில் ஒரே குரலில் பேசுவதை எப்படி விளக்குவது? மன்னனின் ஆட்சி வெறும் சடங்கு என்றால், சடங்கு எவரையும் ஊரைவிட்டு ஓடும்படி செய்வதில்லை. அரசின் ஆள் வயல்வரை வந்திருக்கிறான். அதனால்தான் அவனுக்குக் கணக்கு எழுதாதே என்ற விதி தேவைப்பட்டது.

வரலாற்றறிஞர்கள் நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் இந்தக் கல்வெட்டுகளை ஒன்றுசேர்த்துப் படித்து, இதை நிலமுடையோரும் அரசு அலுவலரும் ஒருபுறம், உழைத்தும் வணிகம் செய்தும் வாழ்ந்தோர் மறுபுறம் என்ற சமூக மோதலாகக் காட்டினார்கள். அடிப்படையில் அவர்கள் பக்கமே சான்று சாய்கிறது. ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: தீர்மானம் செய்தவர்கள் எல்லாரும் ஏழைகள் என்று கொள்ள முடியாது. கல்வெட்டு வெட்டுவதற்குப் பணம் வேண்டும், கோயில் சுவரில் இடம் வேண்டும். தம்முள் மாறுபட்டவனுக்குக் கொலைத் தண்டனை விதித்த கூட்டத்தை மக்களாட்சியின் முன்னோடி என்று புகழ்வதும் பொருந்தாது.

இனி திருமலை. இரண்டாம் தேவராயரின் திருமலைக் கொடைக் கல்வெட்டும் 1429இல்தான் வைக்கப்படுகிறது. அதே சௌமிய ஆண்டு. தெற்கே குடிகள் தீர்மானம் வெட்டுகிறார்கள். வடக்கே மன்னர் வேங்கடவன் கோயிலுக்குக் கொடை அளிக்கிறார். இரண்டையும் காரணமும் விளைவுமாகக் கட்டிவிட ஆசை எழும். அதற்கு இடமில்லை. எது முன், எது பின் என்பதற்கேற்ப விளக்கம் தலைகீழாகும், எல்லாத் தீர்மானங்களையும் மாத வரிசையில் அடுக்கவும் முடிவதில்லை. இன்னொரு தடையும் உண்டு: சக ஆண்டு சிதைந்து வருடப் பெயர் மட்டும் எஞ்சும் கல்லில், சௌமிய என்பது 1429ஆகவும் இருக்கலாம், அறுபது ஆண்டு கழித்து 1489ஆகவும் இருக்கலாம். எழுத்தமைதி கைகொடுக்கும், முடிவு சொல்லாது.

அதற்குப் பிந்தைய அரை நூற்றாண்டைப் பற்றி இன்னும் துணிந்து ஒன்று சொல்லலாம். 1450களின் நடுவிலிருந்து சந்திரகிரியை இருக்கையாகக் கொண்ட சாளுவ நரசிம்மர் திருமலைக் கல்வெட்டுகளில் ஓங்கித் தெரிகிறார். கந்தாடை இராமானுசய்யங்கார் பொறுப்பில் இராமானுச கூடங்கள் என்னும் அன்னசாலைகள் நடக்கின்றன, கொடைகள் பெருகுகின்றன, கோயில் ஊர்களில் நீர்ப்பாசன வேலைகள் நடக்கின்றன. ஸ்டைன் இதைப் பக்தியும் பொருளாதாரமும் கைகோத்த வளர்ச்சியாக மட்டும் படித்தார். 1429க்குப் பின் வைத்துப் படித்தால் வேறொன்று தெரிகிறது. விளைவுக்கு ஏற்ற வரி என்பதே குறுக்கையின் கோரிக்கை. அதற்கு ஆட்சி இரண்டு வழிகளில் விடை சொல்லலாம்: வரியைக் குறைப்பது, அல்லது விளைவைக் கூட்டுவது. முன்னது கருவூலத்தைக் காயவைக்கும். பின்னது வரியைத் தொடாமலே குடிக்குச் சற்று மூச்சுவிட இடம் தரும். அத்தோடு கோயிலையும் மடத்தையும் படைத்தலைவனையும் ஒரே கால்வாயின் பங்காளிகளாக்கும். சாளுவர் ஆட்சி இரண்டாவதைத் தேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சான்று மெலிந்ததுதான். ‘கலகத்தை எண்ணி இந்தக் கால்வாய் வெட்டினோம்’ என்று எந்தக் கல்லும் சொல்லவில்லை. இடையில் ஒரு தலைமுறைக் காலம் இருக்கிறது. கலகக் கற்கள் தெற்கே காவிரி, மணிமுத்தாறு பக்கம். கால்வாய்கள் சுவர்ணமுகிப் பக்கம். ஆனாலும் சந்திரகிரி ஆட்சியாளர் தமிழ் நாடுகளின் நடப்பை அறியாத தூரத்துக்காரர் அல்லர். சாளுவ நரசிம்மரின் அதிகாரம் தெற்கேயும் பரவியிருந்தது. தன் ஆளுகைப் பரப்பில் கணக்கர்கள் எழுதுகோலைக் கீழே வைத்த நினைவு ஒரு தலைமுறைக்குள் அழிந்துவிட்டது என்று கொள்வதற்குத்தான் அதிகச் சான்று வேண்டும்.

பின்வந்த நூற்றாண்டுகளை விரைந்து கடக்கலாம். சந்திரகிரியிலும் வேலூரிலும் இருந்து ஆண்ட இரண்டாம் வேங்கடர் 1614இல் இறந்தபின் எழுந்தது அரண்மனைக் கலகம். ஜக்கராயன் என்ற பிரபு வாரிசான ஸ்ரீரங்கனையும் குடும்பத்தையும் கொன்றதும், தப்பிய மகன் இராமதேவனுக்காக வேலுகோட்டி யாசம நாயக்கர் போரிட்டதும், தோப்பூர்ப் போர் 1616இன் இறுதியிலா 1617இலா என்ற விவாதமும் அறிந்தவை. விளையாட்டில் ‘அரியணை உரிமை கோருவோர்’ என்று வரும் கலகக்காரருக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். மேல்தட்டுக் கலகங்களை விளையாட்டுகள் நன்றாகவே செய்கின்றன.

1801இல் கர்நாடக நவாபின் நாடு கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தபின், காளஹஸ்தி, கார்வேட்டிநகரம் போன்ற பெரிய பாளையங்கள் நிலையான ஜமீன்களாயின. சித்தூரைச் சுற்றிய சிறு பாளையக்காரர்கள் எதிர்த்துப் போராடி, படையால் ஒடுக்கப்பட்டார்கள். மதனப்பள்ளி அப்போது கடப்பைப் பக்கத்தில் தாமஸ் மன்றோவின் நிர்வாகத்தில் இருந்தது. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோதுதான் அதில் சேர்ந்தது. மன்றோ பாளையக்காரரை விலக்கி, குடியானவரோடு நேரே கணக்கு வைக்க முயன்றவர். ஸ்டைன் 1989இல் மன்றோவைப் பற்றி எழுதிய நூல், ரயத்துவாரி என்னும் அந்த ஏற்பாடு வரி முறை மட்டுமன்று, இடைநிலை அதிகாரத்தை நொறுக்கும் அரசியலும்கூட என்று அழகாக நிறுவுகிறது. வரித் தண்டலுக்குள் இருக்கும் அரசியலை மன்றோவின் காகிதங்களில் அவ்வளவு கூர்மையாகக் கண்டவர், விஜயநகரக் கணக்கு ஓலையில் அதே அளவுக்குத் தேடவில்லை என்பதே அவர்மீது வைக்கத்தக்க குறை.

1429ஐ விளையாட்டு விதியாக்கினால் அது எப்படி இருக்கும்? எண் ஏறுவதற்கு முன் வருமானம் குறையத் தொடங்கும். படை எதுவும் தோன்றாது. அனுப்பிய படைக்கு எதிரியும் கிடைக்காது. மாகாணத்தின் விளைச்சல் எவ்வளவு என்ற விவரமே திரையில் மங்கும், ஏனென்றால் அதை எழுதுபவர் நிறுத்திவிட்டார். பக்கத்து மாகாணங்களில் அதே மங்கல், எல்லை பாராமல் பரவும். ஆட்டக்காரர் பேச வேண்டியது கலகத் தளபதியோடு அல்ல, தம் சொந்தக் காணியாளரோடும் சீவிதக்காரரோடும். அவர்களைக் கட்டுப்படுத்தினால் தம் படைபலமே குறையும். எரிச்சல் அப்போதும் இருக்கும். ஆனால் யார் எழுந்தார்கள், எதற்காக என்பது தெரிந்த எரிச்சலாக இருக்கும்.

திருமலைத் தொகுதிகளில் இத்தகைய தீர்மானத்தைத் தேடுவது வீண்வேலை ஆகலாம்; மன்னரும் மடமும் வணிகரும் கொடை எழுதிய சுவர் அது. மலைக்குக் கீழே, பழைய சித்தூர் மாவட்டத்தின் சிறு கோயில்களில் சௌமிய ஆண்டுக் கற்களைத் தனியே பிரித்து, மாதமும் நாளும் கணித்து, விருத்தாசலத்தோடும் குறுக்கையோடும் வரிசைப்படுத்துவதே அடுத்த வேலை. 1429 அலை பாலாற்றுக்கு வடக்கே வந்ததா என்ற கேள்விக்கு விடை அங்கிருந்துதான் வர வேண்டும்.