ஓதம் ஏறிய சுவரும் ஒரு சொல்லும்

வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் இடையிலான பூசல் என்றதும் நம் வாசகர்களுக்கு முன்பணமும் வாடகை உயர்வும் தண்ணீர் மோட்டாரும் நினைவுக்கு வரக்கூடும். நாம் இங்கே பேசவிருக்கும் வீட்டுக்காரர் தனிமனிதர் அல்லர். இங்கிலாந்தின் நகராட்சிகளும், இலாப நோக்கற்ற வீட்டுவசதிச் சங்கங்களும் சேர்ந்து 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளைக் குறைந்த வாடகைக்கு விட்டிருக்கின்றன. அந்த நிறுவனங்களே இந்தக் கட்டுரையின் வீட்டுக்காரர்கள். அவர்களிடம் வந்து சேர்ந்த புகார்களுக்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாறு நெடுகிலும் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப எழுவதைக் காண்கிறோம்: சுவரில் ஓதம் ஏறினால் குற்றம் சுவருடையதா, உள்ளே வாழ்பவருடையதா?

தொடக்கத்தை ஆக்டேவியா ஹில்லிடம் (1838–1912) காணலாம். 1865இல் லண்டன் மேரிலபோன் பகுதியின் பாரடைஸ் பிளேஸில், பெயருக்குச் சற்றும் பொருந்தாத மூன்று வீடுகளின் நிர்வாகத்தை அவர் ஏற்றார். அவற்றை வாங்கப் பணம் கொடுத்தவர் கலை விமர்சகர் ஜான் ரஸ்கின். முதலுக்கு ஆண்டுக்கு ஐந்து சதவீத வருவாய் வரவேண்டும் என்பது ஏற்பாடு. ஹில்லும் அவர் பயிற்றுவித்த பெண்களும் வாரந்தோறும் வீடு வீடாகச் சென்று வாடகை வசூலித்தார்கள். வாடகைக் கணக்கு முடிந்த கையோடு, ஒழுகும் கூரையையும் உடைந்த கைப்பிடியையும் பற்றிக் கேட்டுக்கொண்டார்கள். மராமத்துக்கென ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்கப்பட்டது. செலவானது போக மீந்த பணத்தைக் குடியிருப்பவர்கள் கேட்கும் வசதிக்கே செலவிடுவது ஹில்லின் வழக்கம். குறை சொல்பவரும் குறை தீர்ப்பவரும் ஒரே வாசற்படியில் நின்று பேசிய முறை அது. பிற்காலத்து நிறுவனங்கள் பலவும் இழந்துவிட்டது இந்த வாசற்படியைத்தான் என்று நமக்குத் தோன்றுகிறது.

ஆனால் ஹில்லைப் புகழ்ந்து நிறுத்திவிட முடியாது. வீட்டையும் வாழ்பவரையும் பிரித்துத் திருத்த இயலாது என்பது அவர் கொள்கை. வாடகை தவறியவரை வெளியேற்ற அவர் தயங்கியதில்லை. அரசே வீடு கட்டித் தருவதையும் எதிர்த்தார். குடியிருப்பவரின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்ட அதே கண்காணிப்பாளர், அவர் அறையின் தூய்மையையும் நடத்தையையும் எடைபோட்டபடியே இருந்தார். கேட்பதும் எடைபோடுவதும் ஒரே வருகைக்குள் கலந்திருந்தன. இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு நூற்றாண்டைத் தாண்டிச் செல்வோம்.

இடைப்பட்ட காலத்தில் சட்டம் சும்மா இருக்கவில்லை. குறைந்த வாடகை வீடுகள் மனிதர் வாழத் தகுதியானவையாக இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை 1885ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இடம்பெற்றது. ‘குறைந்த வாடகை’ என்பதற்கு வைத்த வரம்புதான் வேடிக்கையானது. 1957இல் அது லண்டனில் ஆண்டுக்கு 80 பவுண்டு, பிற இடங்களில் 52 பவுண்டு என்று நிர்ணயிக்கப்பட்டது. அதற்குப்பின் எவரும் அதை உயர்த்தவில்லை. வாடகைகள் ஏறிக்கொண்டே போக, வாரத்துக்கு ஒரு பவுண்டுக்கு வீடு கிடைக்காத காலம் வந்தது. சட்டம் ஏட்டில் இருந்தது, அதற்குள் அடங்கும் வீடுதான் எங்கும் இல்லை. எவரும் ரத்து செய்யாமலே ஒரு உரிமை செத்துப்போனதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நாம் அறியோம்.

எஞ்சியிருந்தது ‘பழுது’ என்ற சொல் மட்டுமே. கட்டடத்தின் கட்டமைப்பையும் வெளிப்புறத்தையும் பழுதுபார்ப்பது வீட்டுக்காரர் கடமை. 1985இல் தெற்கு வேல்ஸின் டாஃப் ஈலி நகராட்சிக்கு எதிராக ஒரு குடித்தனக்காரர் தொடுத்த வழக்கு, மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் இந்தச் சொல்லை உரசிப் பார்த்தது. அவர் வீட்டில் உலோகச் சட்ட ஜன்னல்கள், ஜன்னல்களுக்கு மேலே வெப்பத்தடுப்பு இல்லாத கான்கிரீட் உத்திரங்கள். குளிர்காலத்தில் அவற்றின்மேல் நீராவி படிந்து வழிந்தது. படுக்கையும் துணிமணிகளும் மக்கிப்போயின. வீட்டில் இயல்பாக வாழவே முடியவில்லை என்பதில் ஐயம் இருக்கவில்லை. ஆயினும் நகராட்சிக்குப் பொறுப்பில்லை என்று தீர்ப்பாயிற்று. ஜன்னல் உடையவில்லை, உத்திரம் சேதமாகவில்லை, எனவே பழுது என்று எதுவும் இல்லை. வடிவமைப்பிலேயே தவறாகக் கட்டப்பட்ட வீடு, கட்டியபடியே இருக்கும்வரை பழுதாகாத வீடு!

இந்தத் தர்க்கத்தின் விளைவு நீதிமன்றத்தோடு நிற்கவில்லை. சுவரில் பழுதில்லை என்றால் ஈரம் எங்கிருந்து வந்தது? சமைப்பதிலிருந்து, குளிப்பதிலிருந்து, வீட்டுக்குள் துணி உலர்த்துவதிலிருந்து, ஜன்னலைத் திறக்காததிலிருந்து. வீட்டுவசதி அலுவலகங்களின் பேச்சில் இவை அனைத்துக்கும் ஒரே பெயர் நிலைத்தது: ‘வாழ்க்கைமுறை.’ அச்சொல் விழுந்ததும் புகார் திசை திரும்பிவிடும். கட்டடத்தைப் பற்றி வந்த செய்தி, சொன்னவரைப் பற்றிய செய்தியாகிவிடும். நல்ல சுவர் உள்ளவர்களும் சமைக்கிறார்கள், குளிக்கிறார்கள் என்பது ஏனோ எவருக்கும் உறைக்கவில்லை.

புகார் மேலே செல்லும் வழியும் குறுகலாகவே இருந்தது. 1996ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுவசதிக்கென ஆம்புட்ஸ்மன் என்னும் குறைகேள் நடுவரை நிலைநிறுத்தியது உண்மை. ஆனால் 2011ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டப்படி, 2013 முதல் குடியிருப்பவர் நடுவரை நேரே அணுக இயலவில்லை. வீட்டுக்காரரின் இறுதிப் பதில் வந்தபின் ஒரு நாடாளுமன்ற உறுப்பினர், உள்ளாட்சி உறுப்பினர், அல்லது குடியிருப்போர் குழுவின் வழியாகச் செல்ல வேண்டும். இல்லையேல் எட்டு வாரம் காத்திருக்க வேண்டும். இந்த ஏற்பாட்டுக்கு ‘ஜனநாயக வடிகட்டி’ என்று பெயர் சூட்டினார்கள். ஒழுங்குமுறை அமைப்போ, குடியிருப்போருக்குக் கடுமையான தீங்கு நேர்ந்தது அல்லது நேரக்கூடும் என்று தெரிந்தாலன்றித் தலையிட இயலாதவாறு கட்டப்பட்டிருந்தது.

2017 ஜூன் 14 அன்று மேற்கு லண்டனின் கிரென்ஃபெல் கோபுரத்தில் மூண்ட தீயில் 72 பேர் மாண்டனர். அக்கட்டடத்தின் தீப்பாதுகாப்பு குறித்துக் குடியிருப்போர் குழு ஒன்று பல ஆண்டுகளாக எச்சரித்து வந்திருந்தது. பேரிடர் நேர்ந்தால்தான் நிர்வாகத்தின் அலட்சியம் வெளிப்படும் என்று 2016 நவம்பரிலேயே எழுதியும் வைத்திருந்தது. விசாரணை ஆணையத்தின் இறுதி அறிக்கை 2024 செப்டம்பரில் வெளிவந்தது. தீ பரவியதற்கான பொறுப்பு வேறு பலரிடமும் பகிர்ந்து கிடக்கிறது. அது தனிக் கட்டுரைக்குரியது. நமக்கு வேண்டியது நிர்வாக அமைப்புக்கும் குடியிருப்போருக்கும் இருந்த உறவைப் பற்றி அவ்வறிக்கை சொல்வது. அவநம்பிக்கையும் வெறுப்பும் அந்த உறவில் ஊறியிருந்தன. குறை சொன்னவர்களுள் சிலர் தொல்லைக்காரர்களாகப் பார்க்கப்பட்டனர். சொன்னவரை எடைபோடும் அதே பழைய வழக்கம்.

மான்செஸ்டருக்கு அருகிலுள்ள ராச்டேலில் நடந்ததற்குத் தீயும் புகையும் இல்லை. சூடானிலிருந்து வந்த ஒரு குடும்பம் அங்கே சிறிய அடுக்ககத்தில் குடியிருந்தது. 2017இல் தந்தை பூசணத்தைப் பற்றி முறையிட்டார். மேலே வண்ணம் பூசிக்கொள்ளுமாறு பதில் கிடைத்தது. 2018 டிசம்பரில் அவாப் இஷாக் பிறந்தான். 2020 ஜூனில் குடும்பம் வழக்கறிஞரை நாடியது. வழக்கு நடவடிக்கை தொடங்கிவிட்டால், வழக்கறிஞர் தரப்புடன் உடன்பாடு காணும்வரை மராமத்தை நிறுத்திவைப்பது அந்த வீட்டுக்காரரின் வழக்கமாக இருந்தது. ஜூலையில், வீடு தேடி வரும் குழந்தைநலச் செவிலியரும் எழுதினார். அம்மாதமே ஆய்வுக்கு வந்தவர் சமையலறையிலும் குளியலறையிலும் பூசணத்தைக் கண்டார். டிசம்பர் 21 அன்று, இரண்டு வயது நிரம்பி எட்டாம் நாளில், குழந்தை இறந்தான். நெடுநாள் பூசணத்தைச் சுவாசித்ததால் வந்த மூச்சுக்கோளாறே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி முடிவு கூறினார். குடும்பத்தின் வாழ்க்கைமுறை குறித்துத் தாங்கள் ஊகித்ததையும், அது தவறென்பதையும் நிறுவனம் அதன் பிறகு ஒப்புக்கொண்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த நிறுவனம் 12,000க்கும் மேற்பட்ட வீடுகளைக் கொண்டது. குடியிருப்போரும் ஊழியர்களும் சேர்ந்து உறுப்பினர்களாகி உடைமை கொண்ட கூட்டமைப்பு. அத்தகைய முதல் அமைப்பு அதுவே என்று பாராட்டப்பட்டது. உடைமையில் பங்கு தந்தவர்கள் புகாருக்குக் காது தரவில்லை. 2023 மார்ச்சில் ஆம்புட்ஸ்மன் அதன் பிற புகார்களையும் ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கை, குடியிருப்போரை ‘அவர்கள்’ என்று அயலாக்கிப் பார்க்கும் போக்கு பரவியிருந்ததாகக் கூறியது.

சுவரைப் பற்றிய செய்தி எவ்வாறு தொலைகிறது? அலட்சியம் மட்டும் காரணமன்று. தொலைபேசியில் வந்த முறையீடு ஓர் ஏட்டில், செவிலியரின் கடிதம் இன்னோர் ஏட்டில், வழக்கறிஞரின் அறிவிப்பு மற்றோர் அறையில். மராமத்துக்காரர் வந்து பூசணத்தைத் துடைத்துவிட்டுப் போனால் ‘பணி முடிந்தது’ என்று பதிவாகும். அடுத்த குளிர்காலத்தில் அதே சுவர் புதிய பணியாக, புதிய எண்ணோடு நுழையும். ஐந்து ஆண்டில் ஐந்து பணிகள், ஐந்தும் வெற்றி. குடியிருப்பவருக்கோ அது ஐந்தாண்டாக நீளும் ஒரே புகார். ஆம்புட்ஸ்மன் 2023 மேயில் பதிவேடுகளைப் பற்றியே தனி அறிக்கை எழுத நேர்ந்தது இதனால்தான்.

2022 அக்டோபரில் ஜனநாயக வடிகட்டி நீங்கியது. தலையீட்டுக்கு இருந்த தடை 2023ஆம் ஆண்டுச் சட்டத்தால் அகன்றது. 2020இல் வெளியான புகார் கையாளும் நெறிமுறை 2024 ஏப்ரலில் சட்டபூர்வமானது. அதன்படி, எந்த வழியில் தெரிவித்தாலும் அதிருப்தி புகாரே. ‘புகார்’ என்ற சொல்லைக் குடியிருப்பவர் உச்சரிக்க வேண்டியதில்லை. 5 வேலைநாளில் ஒப்புகை, அதிலிருந்து 10 வேலைநாளில் முதற்கட்டப் பதில். காலக்கெடுவைவிட நமக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று: ஆண்டுதோறும் புகார்களிலிருந்து எதைக் கற்று எதை மாற்றினோம் என்று நிறுவனம் அறிக்கை வெளியிட வேண்டும், நிர்வாகக் குழு அதற்குப் பதிலும் எழுத வேண்டும். இதிலும் ஒரு சிக்கல் இல்லாமல் இல்லை. 2023 முதல் ஆயிரம் வீடுகளுக்கு எத்தனை புகார் என்ற கணக்கும் வெளியிடப்படுகிறது. எண்ணிக்கை குறைந்திருந்தால் வீடுகள் நன்றாக இருக்கலாம். சொல்லிப் பயனில்லை என்று மக்கள் ஓய்ந்துபோயும் இருக்கலாம். எண் இரண்டையும் ஒன்றாகவே காட்டும்.

குழந்தையின் பெயரால் வழங்கும் ‘அவாப் சட்டம்’ 2025 அக்டோபர் 27 அன்று சமூக வீடுகளில் நடைமுறைக்கு வந்தது. உடனடி ஆபத்தை 24 மணி நேரத்தில் ஆராய்ந்து நீக்க வேண்டும். கடுமையான ஓதத்தையும் பூசணத்தையும் 10 வேலைநாளில் ஆராய்ந்து, முடிவை அடுத்த 3 வேலைநாளுக்குள் குடியிருப்பவருக்கு எழுத்தில் தர வேண்டும். ஆய்வு முடிந்த 5 வேலைநாளுக்குள் வீட்டை ஆபத்தற்றதாக்க வேண்டும். மறந்துபோன 80 பவுண்டு வரம்பை 2018ஆம் ஆண்டின் இன்னொரு சட்டம் முன்னரே அகற்றி, ‘வாழத் தகுதியான வீடு’ என்ற உரிமைக்கு மீண்டும் உயிர் தந்திருந்தது.

அந்தச் சொல் என்னவாயிற்று? 2021 அக்டோபரில் ஆம்புட்ஸ்மன் ரிச்சர்ட் பிளேக்வே, ஓதம் வாழ்க்கைமுறையால் வருவதன்று என்பதையே தலைப்பாக்கி ஓர் அறிக்கை வெளியிட்டார். அவாப் இறந்து அப்போது பத்து மாதம் ஆகியிருந்தது. அப்பெயரை நாடு இன்னும் கேள்விப்பட்டிருக்கவில்லை. 2023 செப்டம்பரில் அரசின் வழிகாட்டுக் குறிப்பும் அதையே சொன்னது. சமைப்பதும் குளிப்பதும் துணி உலர்த்துவதும் அன்றாடத்தின் தவிர்க்க இயலாத வேலைகள் என்றும், அவற்றைக் காட்டி வீட்டுக்காரர் பொறுப்பைத் தட்டிக்கழிக்கலாகாது என்றும் அதில் எழுதப்பட்டிருக்கிறது.