லவ்லி காம்ப்ளெக்ஸ்

லவ்லி காம்ப்ளெக்ஸ் என்பது 2007 ஆம் ஆண்டில் ஜப்பானில் ஒளிபரப்பான நகைச்சுவைக் காதல் அனிமே தொடராகும். அயா நகஹாரா எழுதி வரைந்த இதே பெயருடைய மங்காவைத் தழுவி, டோயெய் அனிமேஷன் நிறுவனம் இதனைத் தயாரித்தது. உயரமான மாணவி ஒருத்திக்கும் குள்ளமான மாணவன் ஒருவனுக்கும் இடையிலான நட்பு, மெல்ல மெல்லக் காதலாக மாறுவதே இதன் கதை. 24 அத்தியாயங்களைக் கொண்ட இத்தொடர் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒளிபரப்பானது. ஜப்பானில் இதன் பெயரைச் சுருக்கி "ரபுகோன்" என்றும் அழைப்பர்.

பெயர்க்காரணம்

ஜப்பானிய மொழியில் வழங்கும் "காம்ப்ளெக்ஸ்" என்னும் கடன்சொல், பேச்சுவழக்கில் தாழ்வு மனப்பான்மையையே பெரும்பாலும் குறிக்கிறது. முதன்மைப் பாத்திரங்கள் இருவருக்கும் தத்தம் உயரம் குறித்து இருக்கும் தாழ்வு மனப்பான்மையைத் தலைப்பு சுட்டுகிறது.

கதைச் சுருக்கம்

ஓசாக்காவில் உள்ள ஓர் உயர்நிலைப் பள்ளியில் ரிசா கொய்சுமியும் அட்சுஷி ஒதானியும் ஒரே வகுப்பில் படிக்கின்றனர். ரிசாவின் உயரம் 172 செ.மீ., ஒதானியின் உயரம் 156 செ.மீ. இருவரும் ஓயாமல் சண்டையிட்டுக் கொள்வதால், ஆசிரியரும் சக மாணவர்களும் அவர்களை "ஆல் ஹன்ஷின் கியோஜின்" எனக் கேலி செய்கின்றனர். இது ஒருவர் குள்ளமாகவும் மற்றவர் உயரமாகவும் உள்ள, ஓசாக்காவின் புகழ்பெற்ற நகைச்சுவை இணையர் ஒருவரின் பெயராகும்.

தொடக்கத்தில் ரிசா உயரமான சுசுக்கியையும், ஒதானி கூச்ச சுபாவம் கொண்ட சிஹாருவையும் விரும்புகின்றனர். ஒருவருக்கொருவர் உதவுவதென உடன்பாடு செய்கின்றனர். ஆனால் சுசுக்கியும் சிஹாருவும் ஒருவரையொருவர் விரும்பி இணைந்துவிடுகின்றனர். ஏமாற்றமடைந்த இருவரும் தமக்குள் பல விருப்பங்கள் ஒத்திருப்பதைக் கண்டறிகின்றனர். உமிபோசு என்னும் கற்பனையான ராப் பாடகரின் தீவிர இரசிகர்களாக இருப்பது அவற்றுள் ஒன்று.

பின்னர் ரிசா ஒதானியைக் காதலிக்கத் தொடங்குகிறாள். அவள் தன் காதலைச் சொன்னபோது ஒதானி அதனை வேடிக்கையென்றே கருதுகிறான். உண்மை புரிந்த பின்பும் அவளை ஏற்க மறுக்கிறான். ரிசா மனந்தளராமல் முயல்வதும், ஒதானியின் மனம் மாறுவதும், இருவரும் பள்ளிப் படிப்பை முடிக்கும் வரையிலான நிகழ்வுகளும் மீதிக் கதையாக அமைகின்றன.

முக்கிய பாத்திரங்கள்

ரிசா கொய்சுமி - கதைத்தலைவி. கதை இவளது பார்வையிலேயே சொல்லப்படுகிறது. குரல்: அகெமி ஒகாமுரா.

அட்சுஷி ஒதானி - கூடைப்பந்து ஆட்டக்காரன். முன்னாள் காதலி தன்னைப் பிரிந்ததற்குத் தன் உயரமே காரணம் என எண்ணி வருந்துபவன். குரல்: அகிரா நகாத்தா.

நொபுகோ இஷிஹாரா, ஹெய்கிச்சி நகாவோ - காதலர்கள்; இருவருக்கும் நண்பர்கள். ரிசாவுக்குத் துணிவூட்டுபவள் நொபுகோ.

செய்கோ கொதொபுகி - ஒதானியை விரும்பும் இளைய மாணவி. பிறப்பில் ஆணாகக் குறிக்கப்பட்டு, பெண்ணாக வாழ்பவள்.

மைட்டி - ரிசாவின் மனங்கவர்ந்த இளம் ஆசிரியர். ஒதானியின் பொறாமையைத் தூண்டுபவர்.

தயாரிப்பு

மூல மங்கா, ஷூயிஷா நிறுவனத்தின் "பெசாட்சு மார்கரெட்" இதழில் 2001 முதல் வெளிவந்து 17 தொகுதிகளாக நூலுருப் பெற்றது. 2004 இல் சிறுமியர் பிரிவில் ஷொகாகுகான் மங்கா விருதைப் பெற்றது. அனிமே தொடரை இயக்கியவர் கொனோசுகே உடா. இவர் 1999 இல் தொடங்கிய "ஒன் பீஸ்" தொடரின் முதல் இயக்குநர் ஆவார். அத்தொடரில் நாமி பாத்திரத்திற்குக் குரல் கொடுத்தவரே இங்கு ரிசாவுக்கும் குரல் கொடுத்துள்ளார்.

சிறப்புகள்

இக்கதையின் கரு எளியது, ஆனால் உறுதியானது. அக்காலத்தில் ஜப்பானில் 17 வயது ஆண்களின் சராசரி உயரம் ஏறத்தாழ 170 செ.மீ., பெண்களின் சராசரி உயரம் ஏறத்தாழ 158 செ.மீ. ஆகும். ஆக, ரிசா சராசரி ஆணைவிட உயரமானவள். ஒதானி சராசரிப் பெண்ணைவிடக் குள்ளமானவன். இருவரையும் பிரிக்கும் தடை சாதாரணமானது, எவர் கண்ணுக்கும் தெரிவது. ஆகவே ஒவ்வொரு காட்சியிலும் அதனைத் தனியே நினைவூட்ட வேண்டிய தேவை எழுவதில்லை.

இரண்டாவது சிறப்பு மொழி. பெரும்பாலான அனிமேக்களில் முதன்மைப் பாத்திரங்கள் பொது ஜப்பானிய மொழியிலேயே பேசுவர். கன்சாய் வட்டார வழக்கு, பெரும்பாலும் வேடிக்கையான துணைப்பாத்திரங்களுக்கு உரியதாகவே இருந்துவந்தது. இத்தொடரில் காதலும் அழுகையும் அவ்வழக்கிலேயே வெளிப்படுகின்றன. ஓசாக்கா, "மன்சாய்" எனப்படும் இருவர் நகைச்சுவைக் கலைக்குப் பெயர் பெற்ற நகரம். அக்கலையில் ஒருவர் அசட்டுத்தனமாகப் பேச, மற்றவர் உடனுக்குடன் இடித்துரைப்பார். ரிசாவும் ஒதானியும் பேசும் முறை இந்த அமைப்பைப் பின்பற்றியதே. இருவரும் ஒருவருக்கொருவர் எத்துணைப் பொருத்தமானவர்கள் என்பதைப் பார்வையாளர் இவ்வுரையாடல்களின் வழியே, அவர்கள் உணர்வதற்கு முன்னரே உணர்ந்துகொள்கின்றனர்.

மூன்றாவதாக, மறுக்கப்பட்ட காதலின் வலியை இத்தொடர் மறைப்பதில்லை. ரிசா அழகுப் பதுமையாக வரையப்படவில்லை. கோணலான முகபாவங்களுடனும் மூக்கொழுகும் அழுகையுடனும் காட்டப்படுகிறாள். அவளது சிரிப்பும் துயரமும் ஒருங்கே நம்பத்தக்கவையாக இருப்பதற்கு இதுவே காரணம்.

நான்காவதாக, கதை முழுமை பெறுகிறது. மங்காவின் முதன்மைக் கதை 2006 இல் நிறைவடைந்த பின்னரே அனிமே தொடங்கியது. மங்கா முடிவதற்கு முன்பே தயாரிக்கப்பட்டதால் முடிவின்றி நின்ற "கரேஷி கனோஜோ நோ ஜிஜோ" (1998) போன்ற தொடர்களுக்கு நேர்ந்த குறை இதற்கு நேரவில்லை.

குறைபாடுகள்

தொடரின் முதன்மையான குறை, அதன் முதன்மையான சிறப்பிலிருந்தே பிறக்கிறது. எல்லாவற்றையும் வேடிக்கையாக்கிக் கொள்ளும் நட்பில், உண்மையான சொல்லும் வேடிக்கையாகவே கேட்கிறது. ரிசாவின் காதலை ஒதானி புரிந்துகொள்ளாதது இவ்வகையில் இயல்பானதே. ஆனால் அவள் மனந்திறப்பதும், அவன் தவறாகப் புரிந்துகொள்வதும், அவள் கலங்கி மீள்வதும் திரும்பத் திரும்ப நிகழும்போது, ஒதானியின் அப்பாவித்தனம் அக்கறையின்மையாகத் தோன்றத் தொடங்குகிறது.

கதை ரிசாவின் பார்வையில் மட்டும் செல்வது இக்குறையை மிகுவிக்கிறது. அவளது தயக்கங்கள் அனைத்தும் உள்மனப் பேச்சாக ஒலிக்கின்றன. ஒதானியின் மனமாற்றமோ பெரும்பாலும் பொறாமைக் காட்சிகளின் வழியே ஊகிக்க விடப்படுகிறது. உயரம் குறித்த அவனது புண்பட்ட உணர்வு தொடக்கத்தில் சொல்லப்பட்டாலும், அதிலிருந்து அவன் எவ்வாறு விடுபட்டான் என்பது போதிய அளவு காட்டப்படவில்லை.

இருவரும் காதலர்களான பின்பு கதையின் இறுக்கம் தளர்கிறது. ரிசாவுடன் பகுதிநேர வேலை செய்யும் கொஹோரி, ஒதானியின் அண்டை வீட்டுப் பெண்ணான மிமி ஆகியோர் அடுத்தடுத்து வந்து பிணக்கை உண்டாக்குகின்றனர். இவ்விரு நிகழ்வுகளும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. இதற்கு மாறாக, ஒதானி பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் பகுதி உண்மையான சிக்கலைத் தொடுகிறது. அது மேலும் விரிந்திருக்கலாம்.

செய்கோவைச் சித்திரித்த முறை இரு வகைப்பட்டது. அவளது பிறப்புப் பாலினம் வெளிப்படும் காட்சி, அதிர்ச்சியூட்டிச் சிரிக்க வைக்கும் நோக்கில் அமைந்துள்ளது. இன்றைய பார்வையாளருக்கு இது உறுத்தலாம். எனினும், பின்னர் நண்பர்கள் அவளைப் பெண்ணாகவே ஏற்றுப் பழகுவது அக்காலத் தொடர்களில் அரிதானது.

அசைவூட்டமும் எளிமையானதே. நிலைப்படங்களும் மிகைப்படுத்திய முகங்களும் மிகுதியாகப் பயன்படுகின்றன. நகைச்சுவைக் காட்சிகளுக்கு இவை பொருந்துகின்றன. அமைதியான காட்சிகளில் வறட்சியாகத் தெரிகின்றன.

மொழிபெயர்ப்பு

வசன வரிகளின் துணையுடன் பார்ப்போருக்கு வட்டார வழக்கின் சுவை பெரிதும் இழக்கப்படுகிறது. இருவரின் ஏச்சுகள் கன்சாய் வழக்கில் நெருக்கத்தைக் காட்டுபவை. பொதுமொழிக்கு மாற்றப்படும்போது அவை வெறும் கடுஞ்சொற்களாகத் தோன்றக்கூடும்.

பிற வடிவங்கள்

அனிமேக்கு ஓராண்டு முன்னதாக, 2006 இல், இதே மங்கா நடிகர்களைக் கொண்ட திரைப்படமாகவும் வெளிவந்தது. அதில் எமா ஃபுஜிசாவா ரிசாவாகவும், தெப்பெய் கொய்கே ஒதானியாகவும் நடித்தனர்.