பதிவான பத்திரமெல்லாம் உண்மையான பத்திரமா?



"பத்திரம் பதிவாகிவிட்டதே, இனி என்ன செய்ய முடியும்?" என்று நிலத்தை மோசடியில் பறிகொடுத்தவர்கள் கலங்குவதைப் பார்க்கிறோம். அந்தக் கலக்கம் தேவையில்லை. ஏன் என்பதைக் கொஞ்சம் வரலாற்றோடு சொல்கிறேன்.

பெரியபுராணத்தில் சுந்தரர் கதை நினைவிருக்கிறதா? திருமணப் பந்தலுக்கு வந்த முதியவர், "நீ எனக்கு அடிமை" என்று ஓர் ஓலையைக் காட்டுகிறார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். "நீ கிழித்தது படியோலை, மூல ஓலை என்னிடம் இருக்கிறது" என்கிறார் முதியவர். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. சபையார் ஓலையை அப்படியே நம்பிவிடவில்லை. சுந்தரருடைய பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை வரவழைத்து, கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொன்னார்கள். ஆவணம் இருந்தால் மட்டும் போதாது, அது உண்மையானதா என்று சோதிக்க வேண்டும் என்பது நம் ஊருக்குப் பழைய பாடம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் 1864-இல் பதிவுச் சட்டம் வந்தது. இன்று நடைமுறையில் இருப்பது 1908-ஆம் ஆண்டுச் சட்டம். இதில் பதிவாவது பத்திரம்தான், உரிமை அல்ல. தெற்கு ஆஸ்திரேலியாவில் 1858-இல் டாரன்ஸ் என்பவர் கொண்டுவந்த முறை வேறு. அங்கே பதிவேடே உரிமையைத் தருகிறது, அரசு அதற்கு உத்தரவாதம். நம் நாட்டில் அப்படி இல்லை. நிலம் என்னுடையதாக இல்லாவிட்டால், நான் எழுதிக் கொடுக்கும் கிரயப் பத்திரம் முத்திரைத்தாளில் பதிவானாலும் வாங்கியவருக்கு உரிமை வராது. பட்டா மாறினாலும் அதுவே உரிமைக்கு முழு ஆதாரம் ஆகாது.

அப்படியானால் மோசடிப் பத்திரத்தை யார் ரத்து செய்வது? பதிவு முடிந்த பிறகு பத்திரத்தை ரத்து செய்யும் அதிகாரம் பதிவு அதிகாரிக்கு இல்லை என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் ஒரு மத்தியப் பிரதேச வழக்கில் சொன்னது. ஏழை மக்கள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்கிறதே என்பதால், 2022-இல் தமிழ்நாடு அரசு சட்டத்தில் 77-ஏ என்ற பிரிவைச் சேர்த்து மாவட்டப் பதிவாளருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தது. பலருக்கு அது பெரிய நம்பிக்கையாக இருந்தது. ஆனால் 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. சாட்சிகளை விசாரித்து மோசடியா இல்லையா என்று முடிவு செய்வது உரிமையியல் நீதிமன்றத்தின் வேலை என்பதே அதன் சாரம்.

ஆக, வழி மறுபடியும் நீதிமன்றம்தான். ஏமாற்றி உங்களிடமே கையெழுத்து வாங்கியிருந்தால், பத்திரத்தை ரத்து செய்யும்படி வழக்குப் போட வேண்டும். வேறொருவர் உங்கள் பெயரில் ஆள்மாறாட்டம் செய்திருந்தால், அந்தப் பத்திரம் உங்களைக் கட்டுப்படுத்தாது என்று அறிவிக்கக் கேட்கலாம். ரத்து என்று தீர்ப்பானால் நீதிமன்றம் அதன் நகலைப் பதிவு அலுவலகத்துக்கு அனுப்பும், அங்கே பதிவேட்டில் குறித்துக்கொள்வார்கள். ஆள்மாறாட்டம் செய்தவருக்குப் பதிவுச் சட்டப்படி 7 ஆண்டு வரை சிறைத் தண்டனையும் உண்டு.

முக்கியமான ஒன்று. 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க, மோசடி தெரியவந்த நாளிலிருந்து 3 ஆண்டுகள்தான் அவகாசம். "பங்காளிதானே, பேசித் தீர்த்துக்கொள்ளலாம்" என்று நாளைக் கடத்தினால், நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் வழக்கு தோற்றுப்போகும்.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பிள்ளைகளே, ஊரில் அப்பா, தாத்தா விட்டுச்சென்ற நிலம் இருந்தால் ஆண்டுக்கு ஒரு முறையாவது வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். தெரியாத பெயர் ஒன்று அதில் இருந்தால், அன்றைக்கே நல்ல வழக்கறிஞரைப் பாருங்கள்.